சபையில் கண்டிப்பு இருந்தாலே அது சட்டவாதமா? கிருபை பற்றி ஓர் எளிய விளக்கம்

"நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம், சட்டத்தின் கீழ் இல்லை." இந்த வாக்கியத்தைச் சபைகளில் எதற்கெல்லாம் எடுத்து வீசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாராவாரம் பிந்தி வருகிறவரிடம் ஏன் என்று கேட்டால் இதுதான் பதில். காணிக்கைக் கணக்கைக் காட்டுங்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டால், "என்ன பிரதர், இப்படிச் சட்டம் பேசுகிறீர்கள்" என்று அவர் வாயை அடைத்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், "கிருபை கிருபை என்று சொல்லியே சபையைக் கெடுத்துவிட்டார்கள், இரண்டு மாதம் நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தை, பிரசங்கித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று குமுறுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கிருபை என்றால் தளர்வு, சட்டம் என்றால் கண்டிப்பு என்றே எடுத்துக்கொள்கின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதைப் புதிதாகக் கேட்பவருக்கும் புரியும்படி அடிமட்டத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

கூலியும் ஈவும்

மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது. முதலாளிக்கு நன்றி சொன்னாலும் சொல்லலாம், ஆனால் அது உங்களுக்கு வரவேண்டிய பாக்கி. தரவில்லையென்றால் கேட்கலாம், சண்டை போடலாம், வழக்கும் போடலாம். நண்பர் ஒருவர் கொண்டுவந்து தரும் பரிசு அப்படியில்லை. "போன வருடம் கொடுத்தாயே, இந்த வருடம் எங்கே?" என்று அவர்மேல் வழக்குப் போட முடியாது. கையில் வந்த பொருள் ஒன்றாகவே இருக்கலாம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இருக்கும் உறவுதான் வேறு.

ரோமச் சபைக்கு எழுதிய கடிதத்தின் (ரோமர்) 4-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலரான பவுல் இந்த வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறார். கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாது, கடனென்று எண்ணப்படும் என்கிறார். ஆக, கிருபை என்றால் தகுதியைக் கணக்கில் எடுக்காமல் தேவன் ஒரு மனிதனுக்குத் தரும் தயவு. அந்தத் தயவினால், கிறிஸ்துவை முன்னிட்டு, குற்றவாளியைத் தேவன் "இவன் என்முன் சரியானவன்" என்று ஏற்றுக்கொள்வதை நீதிமானாக்கப்படுதல் என்கிறோம். எபேசியர் 2:8 சொல்வதும் இதுதான்: "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு."

இதைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு முணுமுணுப்பு வந்தால் தப்பில்லை. மத்தேயு 20-இல் விடிகாலையிலிருந்து வெயிலில் நின்றவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே பணம் கொடுக்கப்பட்டபோது முன்னவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த உவமையைப் படித்துவிட்டு "இது என்ன நியாயம்?" என்று ஒருமுறையாவது கேட்காதவர் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சுருக்கமாக: கூலி என்பது கேட்டு வாங்கக்கூடிய பாக்கி, கிருபை என்பது கேட்க உரிமையில்லாத இடத்தில் வரும் ஈவு. கிருபைக்கு எதிர்ப்பதம் உழைப்பு அல்ல, "எனக்கு வரவேண்டியது" என்ற கணக்கு. இதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போகலாம்.

எது முதலில் வருகிறது?

ஒரு குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள் என்று வையுங்கள், ஏழு எட்டு வயதுப் பிள்ளை. முதல் நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் அது தன் தட்டை மட்டுமல்ல, எல்லார் தட்டையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கழுவுகிறது. கழுவும்போதே திரும்பித் திரும்பிப் பெரியவர்களின் முகத்தைப் பார்க்கிறது. வேலை செய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பத்து வருடம் கழித்து அதே பிள்ளை அதே தட்டுகளைக் கழுவுகிறது, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல். அந்த வீட்டில் தட்டைக் கழுவ வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் தத்துப் பத்திரம் முதல் தட்டைக் கழுவுவதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது என்பது அந்தப் பிள்ளைக்கு இப்போதுதான் உள்ளுக்குள் இறங்கியிருக்கிறது.

வேதத்திலும் இதே வரிசைதான். பத்துக் கட்டளைகள் "செய்யாதே" என்று ஆரம்பிப்பதில்லை. யாத்திராகமம் 20:2-ஐப் பாருங்கள்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." கூட்டிக்கொண்டு வந்தாயிற்று, கடலைக் கடந்தாயிற்று, அப்புறம்தான் கட்டளை. நியாயப்பிரமாணம் என்றால் மோசேயின் வழியாக இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகளின் தொகுதி. அது விடுதலையை வாங்குவதற்கான விலையாகக் கொடுக்கப்படவில்லை, விடுதலையானவர்கள் எப்படி வாழ்வது என்பதற்காகக் கொடுக்கப்பட்டது. பழைய ஏற்பாடு முழுக்கச் சட்டம், புதிய ஏற்பாடு முழுக்கக் கிருபை என்று பிரித்து வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வசனத்தின்மேல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

சகேயுவின் கதையிலும் இதே வரிசைதான். அவர் வரி வசூலிப்பவர். எரிகோவில் மரத்தின்மேல் இருந்த அவரைப் பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார் இயேசு. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகு. திருப்பித் தந்ததால் இயேசு வரவில்லை, இயேசு வந்ததால் பணம் திரும்பிப் போனது. ஆனால் பணம் போனது! கிருபை என்றால் கணக்கைக் கிழித்துப் போடுவது என்று நினைப்பவர்கள் அந்த நாலத்தனையைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

எடைபார்க்கும் இயந்திரம்

சரி, அப்படியென்றால் கட்டளை எதற்கு? வாழும் வழியைக் காட்டுவதோடு, அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. எடைபார்க்கும் இயந்திரம் உண்மையைத்தான் சொல்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் எடை எவ்வளவு என்று தெரியும், ஆனால் ஒரு நாளைக்குப் பத்துமுறை ஏறி நின்றாலும் ஒரு கிராம்கூடக் குறையாது. "பாவத்தை அறிகிற அறிவு நியாயப்பிரமாணத்தினால் வருகிறது" என்று ரோமர் 3:20 சொல்வதன் பொருள் இதுதான். இயந்திரத்தில் குற்றம் இல்லை, அதனிடம் சிகிச்சையை எதிர்பார்ப்பதுதான் குற்றம்.

சட்டவாதம் உண்மையில் எங்கே இருக்கிறது?

லீகலிசம் என்று பலரும் சொல்கிற சட்டவாதம் என்றால், விதிகளைக் கடைப்பிடிப்பதன்மூலம் தேவனிடத்தில் ஏற்றுக்கொள்ளப்படுவதைச் சம்பாதிக்கலாம், அல்லது கையிலிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி வாழ்வது. விதிகள் நிறைய இருப்பது சட்டவாதம் அல்ல. கண்டிப்பும் சட்டவாதம் அல்ல. இது ஏன் முக்கியம் என்பதற்குப் புதிய ஏற்பாட்டிலேயே ஓர் அருமையான ஜோடி இருக்கிறது, பவுலோடு ஊழியம் செய்த தீத்துவும் தீமோத்தேயுவும்.

சுமார் கி.பி. 49-இல் எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடினார்கள். யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொண்டு மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் இரட்சிப்பா என்பதுதான் கேள்வி. தேவையில்லை என்று முடிவானது, அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது. இதே போராட்டத்தில், கிரேக்கனாகிய தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்யும்படி நெருக்கடி வந்தபோது பவுல் இம்மியும் இடங்கொடுக்கவில்லை, கலாத்தியர் 2-இல் அவரே எழுதுகிறார். ஆனால் அப்போஸ்தலர் 16-க்கு வந்தால், தாய் யூதஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்ற தீமோத்தேயுவுக்கு அதே பவுல் விருத்தசேதனம் பண்ணுவிக்கிறார்! அந்த இடங்களிலிருந்த யூதர்களின் நிமித்தம் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது.

ஒரே செயல், ஒரே மனிதர், இரண்டு எதிரெதிர் முடிவுகள். தீத்துவிடம் அது ஒரு நிபந்தனையாகக் கேட்கப்பட்டது, "இது இல்லாமல் நீ முழுமையான விசுவாசி அல்ல" என்ற பொருளில். தீமோத்தேயுவிடம் அது மற்றவர்கள் சுவிசேஷத்தைக் கேட்க வழி திறக்கும் ஒரு விட்டுக்கொடுத்தல். ஆக, செய்வதையோ செய்யாமல் இருப்பதையோ மட்டும் பார்த்துச் சட்டவாதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வாரம் இரண்டு நாள் உபவாசிக்கிற சகோதரி சட்டவாதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எதையும் கடைப்பிடிக்காத ஒருவர், "நான் அவர்களைப்போல் சட்டம் பார்க்கிறவன் இல்லை" என்பதையே தன் நீதியாகத் தூக்கிப் பிடித்தால் அவரும் சட்டவாதிதான்.

லூக்கா 18-இல் ஆலயத்தில் நிற்கும் பரிசேயனைக் கவனியுங்கள். பரிசேயர் என்றாலே வேஷதாரி என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் யூதர்களில் ஒரு பிரிவினரான அவர்கள் தேவனுடைய வார்த்தையை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்கள், நம்மில் பலரைவிட அக்கறையுள்ளவர்கள். இவன் உபவாசம், தசமபாகம் என்று சொன்னவை பொய் என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. இன்னொன்று, அவன் ஜெபம் நன்றியோடுதான் ஆரம்பிக்கிறது. கிருபையின் பாஷை பேசிக்கொண்டே சட்டவாதியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அதே மூச்சில், தூரத்தில் நிற்கும் ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, அளக்கப் போய்விடுகிறான். கூலிக்கணக்கு வைத்திருப்பவனுக்கு அடுத்தவன் கணக்கையும் பார்க்காமல் இருக்க முடியாது. ஆயக்காரனிடம் எந்தக் கணக்கும் இல்லை: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனது அவன்தான்.

இதுவரை வந்தது: தேவன் ஏற்றுக்கொள்வது முதலில், கீழ்ப்படிதல் அதிலிருந்து. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் சட்டவாதம். விதியின் எண்ணிக்கையோ கடுமையோ அதன் அடையாளம் அல்ல.

கிருபையைப் போர்வையாக்குவது

எதிர்ப்பக்கத்துக் குழியும் உண்டு. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று ரோமர் 6-இல் பவுல் கேட்டு, கூடாதே என்று அவரே பதிலும் சொல்கிறார். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் 1937-இல் இதை மலிவான கிருபை என்று அழைத்தார்: மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை. ஹிட்லரின் நாசி ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப்போய் 1945-இல் தூக்கிலிடப்பட்டவர் அவர், வாயால் மட்டும் பேசியவர் அல்ல.

இதில் என்னை மிகவும் வருத்தும் ஒரு பழக்கம் உண்டு, அதை மென்று விழுங்க மனமில்லை. ஒரு தலைவர் பணத்திலோ, அதிகாரத்திலோ, அதைவிட மோசமாக ஒரு பெண்ணிடமோ பிள்ளையிடமோ தவறு செய்து பிடிபட்டால், பாதிக்கப்பட்டவரிடம் போய் "கிருபையாய் மன்னித்துவிடுங்கள், வெளியே சொன்னால் தேவ நாமம் தூஷிக்கப்படும்" என்கிறார்கள். இது கிருபை அல்ல. தேவன் தருகிற ஈவை, பலமுள்ளவர் பலவீனரிடம் பிடுங்கும் வரியாக மாற்றுவது. மன்னிக்கப்பட்ட போதகர் பதவியை விட்டு இறங்கலாம், சட்டத்துக்கு முன் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். அதனால் அவருடைய மன்னிப்பு ஒரு துளியும் குறையாது. சபையின் கணக்குப் புத்தகமும், பிள்ளைகளோடு ஊழியம் செய்கிறவர்களுக்கான பாதுகாப்பு விதிகளும், ஒழுங்கு நடவடிக்கையும் கிருபைக்கு எதிரிகள் அல்ல. பலவீனரைக் காப்பதற்கு அன்பு போட்டுக்கொண்ட வேலி அவை.

ஊழியமும் உள்நோக்கமும்

இனி கடினமான இடம். செயல் ஒன்றாக இருந்து உள்நோக்கம்தான் வித்தியாசம் என்றால், நம் ஊழியத்தை எப்படிப் பார்ப்பது? உள்நோக்கம் என்றால் ஒரு காரியத்தை எதற்காக, யாருக்காகச் செய்கிறோம் என்ற உள்காரணம், அவ்வளவுதான்.

ஒரு சபையில் பல வருடம் ஞாயிறு காலை நாற்காலி போடும் வேலை என்னுடையது. யாரும் வருமுன் போய், அடுக்கி வைத்ததை இறக்கி, தூசி தட்டி, வரிசை போட்டு, நடுவில் வழிவிட்டு... பிடித்துத்தான் செய்தேன். ஒரு ஆண்டு நன்றி ஆராதனையில் உதவியவர்கள் பெயர்களை மேடையில் வாசித்தார்கள். ஒலிபெருக்கி, பாடகர் குழு, பூ அலங்காரம், வாசலில் நின்றவர்கள், எல்லார் பெயரும் வந்தது, என் பெயர் வரவில்லை. தொண்டைக்குள் ஏதோ சூடாக ஏறியது. கைதட்டலில் நானும் கைதட்டினேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எத்தனை ஞாயிறு, எத்தனை நாற்காலி என்று மனது கூட்டிக்கொண்டே வந்தது. நான் ஒரு பேரேடு வைத்திருந்தேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கெட்டகுமாரன் உவமையில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததும் கோபப்பட்ட மூத்தவன் பேசுவதைத் தமிழ் வேதாகமத்தில் அப்புறம் எடுத்துப் படித்தேன்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அதே வார்த்தை, ஊழியம்! கிரேக்க மூலத்தில் அது அடிமையாக வேலை செய்வதைக் குறிக்கும் சொல். சொந்த அப்பாவின் வயலில், சொந்த வீட்டில், ஓர் ஆட்டுக்குட்டி பாக்கி இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறான். அப்பாவின் பதிலோ கணக்கையே தொடவில்லை: "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது."

மனுஷர் காணும்படி தர்மம் செய்கிறவர்களைப் பற்றி மத்தேயு 6-இல் இயேசு, அவர்கள் தங்கள் பலனை "அடைந்து தீர்ந்தது" என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல் அக்கால ரசீதுகளில் எழுதப்பட்ட சொல், "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று. கைதட்டலுக்காகச் செய்தாயா, கைதட்டல் கிடைத்தது, கணக்கு முடிந்தது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். ஆக்ஸ்போர்டில் 1729 முதல் அவரும் நண்பர்களும் புதனும் வெள்ளியும் உபவாசித்து, சிறைக்கைதிகளைச் சந்தித்து, ஏழைகளுக்கு உதவி, மணிக்கணக்கில் ஒழுங்கு வைத்து வாழ்ந்தார்கள். குருப்பட்டம் பெற்றவர், 1735-இல் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகவும் கப்பலேறினார். தன் ஆத்துமாவைக் காப்பாற்றிக்கொள்வதே அந்தப் பயணத்தின் முதல் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஊழியம் தோற்றது, மனமொடிந்து திரும்பினார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, கிறிஸ்து ஒருவரையே தன் இரட்சிப்புக்கு நம்புகிறேன் என்று உணர்ந்ததாகக் குறித்து வைத்தார். அப்புறம் ஒழுங்கையெல்லாம் விட்டுவிட்டாரா? இல்லை, 1791-இல் இறக்கும்வரை ஐம்பது வருடத்துக்கு மேல் முன்னைவிட அதிகமாக உழைத்தார், குதிரையில் ஊர் ஊராகப் போனார். சந்தேகங்களும் நடுநடுவே வந்தன. தத்தெடுத்த பிள்ளை இன்னும் தட்டுகளைக் கழுவிக்கொண்டுதான் இருந்தது.

உள்நோக்கத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கலாமா?

இதைப் படிக்கிற நேர்மையான ஆள் உடனே ஒரு வேலையில் இறங்குவார்: "என் நோக்கம் சுத்தமா? இந்த ஜெபம் யாருக்காக? இந்தச் சாட்சியில் பெருமை கலந்ததா?" கொஞ்சம் சோதிப்பது நல்லது. ஆனால் அதுவே நாள்முழுவதும் நடந்தால், பழைய எடைபார்க்கும் இயந்திரத்தின்மேல் ஏறி நிற்பதுதான், இந்த முறை உள்ளுக்குள். சுத்தமான நோக்கம் என்பதே புதிய தகுதியாகிவிடுகிறது, சட்டவாதம் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பவுல் இதில் எனக்குப் பெரிய ஆறுதல். 1 கொரிந்தியர் 4-இல், நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை, என்னிடத்தில் ஒரு குற்றத்தையும் அறியேன், ஆனாலும் அதனால் நான் நீதிமானாகிறதில்லை என்கிறார். இருதயங்களின் யோசனைகளை வெளிப்படுத்துவது வரப்போகிற கர்த்தரின் வேலை என்று விட்டுவிடுகிறார். மற்றவர்கள் விஷயத்திலும் அப்படியே. சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன் என்கிறார். கலாத்தியாவில் விருத்தசேதனத்தைத் திணித்தவர்களிடம் அவர் பேசும் விதமோ வேறு, சாபமே கூறுகிறார். ஒரு பக்கம் நோக்கம் கோணல், செய்தி சரி. மறுபக்கம் செய்தியே கோணல். அடுத்தவரின் உள்நோக்கத்தைச் சந்தேகித்தே ஒரு சபையைப் பிளக்கிறவர்கள், பவுல் எதற்குக் கொதித்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்று இந்த இரண்டு நிருபங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நல்லது.

"அப்படியானால் நோக்கம் சரியாகும்வரை ஊழியத்தை நிறுத்தி வைக்கட்டுமா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். காணிக்கைப் பெட்டியின் பொறுப்பில் இருப்பவர் பணத்தின்மேல் ஆசை வந்துவிட்டது என்று உணர்ந்தால் உடனே விலகத்தான் வேண்டும், யாரையாவது காயப்படுத்தும் நிலையில் இருப்பவரும் அப்படியே. மற்றபடி வேண்டாம் தம்பி என்றேன். பெயர் விடுபட்ட அந்த ஆராதனைக்கு அடுத்த ஞாயிறும் நான் போனேன். மனக்கசப்பு போயிருக்கவில்லை. இரண்டாவது வரிசை போடும்போது, "ஆண்டவரே, எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது" என்று சொன்னேன், வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாவது வரிசையைப் போட்டேன். ஆராதனை தொடங்கிய பிறகு வயதான ஓர் அம்மா உள்ளே வந்து, கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.